ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி? – தேடி வந்தவர்களின் கதை

2008-ல் ‘கோலும் குழியும்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். சோழர் காலத்தில் நிலத்தை எப்படி அளந்தார்கள் என்பது விஷயம். நான் படித்தது பி.ஈ., சோறு போடுவது மென்பொருள். கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். மூன்று வாரம் மெனக்கெட்டு எழுதின கட்டுரை என்பதால் அதன் மேல் கொஞ்சம் பாசம் அதிகம்.

தமிழ்மணத்தில் இணைத்தேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நூற்றைம்பது பேர் வந்தார்கள். பத்துப் பதினைந்து மறுமொழி. மறுநாள் இருபது பேர். மூன்றாம் நாள் நானும் இன்னொருவரும், அந்த இன்னொருவரும் நானே ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பார்த்ததாக இருக்கலாம். அதோடு கட்டுரை செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சாகவில்லை. இன்றைக்கு என் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு கட்டுரைக்குத்தான் வருகிறார்கள். அதனால் ஒரு குடும்பத்தில் சண்டையும் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்குமுன், தமிழில் எழுதின ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது என்கிற சமாசாரம் எப்படி ஆரம்பித்தது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் மீதி புரியாது.

ஆல்டாவிஸ்டா தேடுபொறி 1995 டிசம்பரில் வந்தது. வலையில் இருக்கிற பக்கங்களின் முழு வாசகத்தையும் சொல் சொல்லாகப் பிரித்து அட்டவணை போட்டு, எந்தச் சொல்லைக் கேட்டாலும் நொடியில் எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய அதிசயம். தமிழுக்கு மட்டும் அதனால் பைசா பிரயோசனமில்லை. காரணம், அப்போது வலையில் தமிழ் என்று ஒன்று இருந்ததாகவே கணினிக்குத் தெரியாது.

இருந்ததெல்லாம் எழுத்துரு. ஒவ்வொரு பத்திரிகையும், ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. உள்ளே கோப்பில் கிடப்பது தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். அந்தக் குறிப்பிட்ட எழுத்துருவை இறக்கி நிறுவினால் திரையில் அது தமிழாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு தளத்தில் ‘க’ வருகிற இடத்தில் இன்னொரு தளத்தில் ‘ழ’ வரும். தேடுபொறி பார்க்கிற இடத்தில் எல்லாமே குப்பை. இதை ஒழுங்குபடுத்தத்தான் இணையத் தமிழர்கள் சேர்ந்து டிஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. ஒழுங்கு வந்ததா என்றால், மூன்று ஒழுங்கு வந்தது.

இத்தனைக்கும் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அதைத் திரையில் சரியாகக் காட்டுகிற இயங்குதளம் சாதாரண ஜனங்கள் கைக்கு வர விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழில்முறையில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம்: ‘கெ’ என்று எழுதும்போது டிஸ்கியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. காதுக்குக் கேட்கிற வரிசை. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வெறும் பட்டியல் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். அந்த நாளில் நானும் ஒரு மாற்றி எழுதினேன். ‘கொ’ வந்தால் உளறும்.

வலைப்பதிவுகள் பரவலான 2003, 2004 வாக்கில் எழுத வந்தவர்கள் நேராக யூனிகோடில் எழுதினார்கள். அது திட்டமிட்டு நடந்ததா, பிளாகர் போன்ற இலவசச் சேவைகளில் அதுதான் எளிது என்பதால் நடந்ததா என்று விவாதிக்கலாம். விளைவு ஒன்றுதான். பெரிய பத்திரிகைகள் தங்கள் எழுத்துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கூகுளின் கண்ணுக்குத் தெரிகிற தமிழை எழுதிக் குவித்தவர்களில் பெரும் பங்கு வலைப்பதிவர்களும் தமிழ் விக்கிபீடியாக்காரர்களும். அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல்.

ஆனால் அப்போது எங்களுக்குத் தேடுபொறி ஒரு பொருட்டே இல்லை. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம்தான் எல்லாம். யார் புதிதாக எழுதினாலும் அந்த முகப்பில் தெரியும். நாலு பேர் எழுதினால் நாம் கீழே போவோம், பத்துப் பேர் எழுதினால் காணாமல் போவோம். யாராவது மறுமொழி போட்டால் திரும்ப மேலே வருவோம். ஆகவே ‘அருமை’, ‘கலக்கல்’, ‘மீ த ஃபர்ஸ்ட்’. நான் உனக்குப் போட்டேன், நீ எனக்குப் போடு. இதை மொய் என்றே கூப்பிட்டார்கள். பின்னால் தமிழிஷ் வந்தபோது ஓட்டு மொய்யும் சேர்ந்துகொண்டது. நானும் மொய் வைத்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்த நூற்றைம்பது பேரும் பேரு தெரிந்த வாசகர்கள். இன்றைக்கு வருகிற ஆயிரம் பேரில் ஒருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தேடுபொறிக்காரர்களும் ஒரு வகையில் மொய்க் கணக்குதான் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இது: ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், அப்படிக் கொடுத்தவர்களுக்கு யார் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால், அந்தப் பக்கத்தின் மதிப்பு தெரியும். யோசனையின் வேர் இன்னும் பழசு. யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் வெளியிட ஆரம்பித்த அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஆய்வுக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. நம் கல்யாண மண்டப நோட்டுப் புத்தகமும் அதே ரகம்தான், கூடுதலாக ரூபாய் விவரத்தோடு. எதை எண்ணினாலும் அதைப் பொய்யாகச் செய்ய ஆள் வருவார்கள். மறுமொழிப் பெட்டியில் இணைப்பைத் திணிக்கிற தொல்லைக்காக 2005 ஜனவரியிலேயே ‘நோஃபாலோ’ என்கிற குறியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குறி உள்ள இணைப்பை அப்போது மொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. காசுக்கு இணைப்பு விற்கிறவர்களைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் பெங்குவின் மாற்றம் வந்தது.

என் கதைக்கு வருகிறேன். 2010 வாக்கில் ஒருநாள் வருகையாளர் கணக்கைச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் கூகுளிலிருந்து ஒருவர் வந்தால் அவர் என்ன சொல்லைத் தேடி வந்தார் என்பதும் முகவரியோடு ஒட்டிக்கொண்டு வரும். நாம் படிக்கலாம். செத்துப்போன ‘கோலும் குழியும்’ கட்டுரைக்குத் தினம் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடின சொற்கள்:

‘ஒரு குழி எத்தனை சதுர அடி’. ‘குழி சென்ட் கணக்கு’. ‘1 மா எவ்வளவு ஏக்கர்’. ‘பழைய பத்திரம் குழி’.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யாரோ பீரோவிலிருந்து தாய்ப்பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பது புரியாமல் தேடுகிறார்கள். ராஜராஜன் காலத்துச் சொல்லை! ஆங்கில எழுத்திலும் தேடினார்கள். அதில் ஒரு கூத்து: குழி, குளி, கூலி மூன்றையும் ஜனங்கள் ஒரே மாதிரிதான் ஆங்கிலத்தில் அடிப்பார்கள். ‘தினக்கூலி எவ்வளவு’ என்று தேடின ஒருவரைக் கூகுள் சோழ மண்டலத்துக்கு அனுப்பியிருந்தது.

எப்படி என் கட்டுரை முதலில் வந்தது? திறமை ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு யூனிகோடு தமிழில் பதில் வைத்திருந்த பக்கங்களே ரொம்பக் கம்மி. எனக்குத் தமிழ்மண நண்பர்கள் கொடுத்த நாலு இணைப்பு இருந்தது. காலியான தெருவில் கடை போட்டவன் முதலாளி.

அதற்கப்புறம்தான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. தேடுபொறிக்குத் தோதாக எழுதுவது எப்படி என்று படித்தேன். தொழில் வேறு அதே துறை, கேட்கணுமா. கூகுளின் வெப்மாஸ்டர் கருவியில் தளத்தைப் பதிந்தேன். இப்போது அதற்கு சர்ச் கன்சோல் என்று பேர். தளவரைபடக் கோப்பு கொடுத்தேன். எந்தப் பக்கம் எத்தனை முறை தேடலில் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று தினம் பார்த்தேன். சில பேர் சொன்ன யோசனைப்படி பக்கத்தின் தலையில் ‘குறிச்சொல்’ வரிசையெல்லாம் எழுதினேன், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது தெரியாமல்.

பலன் கொடுத்தது இரண்டு காரியம். ஒன்று, தலைப்பை மாற்றினேன். ‘கோலும் குழியும்’ போய், ‘ஒரு குழி எத்தனை சதுர அடி? பழந்தமிழ் நில அளவைகள்’ ஆயிற்று. ஜனங்கள் கேட்கிற வார்த்தையிலேயே கேள்வி. இரண்டு, கட்டுரையைத் தலைகீழாக்கினேன். பழைய வடிவத்தில் பதில் எட்டாவது பத்தியில் இருந்தது. அவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை என்று கணக்குச் சொன்னது. ஆகவே முதல் வரியிலேயே போட்டேன்: ஒரு குழி என்பது 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி.

மூன்று மாதத்தில் தினம் நாலைந்து பேர் என்பது நாற்பது ஐம்பது ஆயிற்று. தமிழ்மணமும் வேண்டாம், மொய்யும் வேண்டாம். தூங்கும்போதும் ஆள் வருகிறார்கள். 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டு, ஓடை வழியாக வந்துகொண்டிருந்த பழைய வாசகர்கள் பலர் காணாமல் போனபோது நான் பெரிதாக அழவில்லை. அதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அவர்களில் ஒருவர் கட்டுரை மாறினதைப் பார்த்திருந்தால், ‘ஏங்க, எல்லா ஊர்லயும் குழி ஒண்ணாங்க?’ என்று மறுமொழியில் கேட்டிருப்பார். பழைய கட்டுரைக்கே அப்படிக் கேட்டவர் உண்டு.

ஏனென்றால், குழி எல்லா ஊரிலும் ஒன்று இல்லை. எனக்கு அது தெரியும். எழுதியும் இருந்தேன். இப்போது அது எட்டாவது பத்திக்குப் போயிருந்தது.

குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம். கோல் எத்தனை அடி என்பது ஊருக்கு ஊர் வேறு. சோழர் கல்வெட்டுகளிலேயே பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று பல வரும். எந்தக் கோல் என்பதில் தகராறு வரக்கூடாது என்று கோல் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர்கள் உண்டு. பிற்காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் 12 அடிக் கோல்: ஒரு குழி 144 சதுர அடி, ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். செங்கல்பட்டு, தொண்டை மண்டலப் பக்கம் 24 அடிக் கோல்: ஒரு குழி 576 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். ‘காணி’ இன்னும் மோசம். சோழநாட்டுக் கணக்கில் காணி என்பது வேலியில் எண்பதில் ஒரு பங்கு, 25 குழி, 3,600 சதுர அடி. ஒரே சொல், பதினாறு மடங்கு வித்தியாசம்.

2016-ல் ஒரு மின்னஞ்சல் வந்தது. திண்டிவனம் பக்கத்துக் கிராமம். இரண்டு அண்ணன் தம்பி, பாகப்பிரிவினை. பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் தம்பி பங்குக்கு வர வேண்டிய துண்டு 30 குழி என்று இருக்கிறது. எழுதினவர் தம்பி மகன், பெங்களூரில் வேலை. ஊரில் உட்கார்ந்து பேசும்போது அவர் செல்போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது என் பக்கம். முதல் வரி, 144. முப்பது குழி 4,320 சதுர அடி, பத்து சென்ட்கூட இல்லை. ஆனால் பெரியப்பா பல வருஷமாக ‘உங்கப்பன் பங்கு நாப்பது சென்ட்’ என்று சொல்லி, அதற்குத் தக்கபடி குத்தகை நெல் கொடுத்து வந்திருக்கிறார். கணக்கு உதைக்கிறது. மிச்ச நிலத்தில் ஏதோ மறைக்கத்தான் இதில் தாராளமாகச் சொல்கிறார் என்று இவர்களுக்குச் சந்தேகம். பத்திரத்தில் உள்ள எல்லா எண்ணையும் 144-ஆல் பெருக்கிப் பார்த்தால் எதுவுமே பட்டாவோடு ஒத்துப்போகவில்லை. வார்த்தை தடித்து, இரண்டு குடும்பமும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

பிறகு சர்வேயர் வந்து அளந்திருக்கிறார். பெரியப்பா சொன்னது சரி. முப்பது குழி 24 அடிக் கோலில் 17,280 சதுர அடி, 39 சென்ட் சொச்சம்.

கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. ‘சார், உங்க கட்டுரைய முழுசா இப்பதான் படிச்சேன். எட்டாவது பாராவுல நீங்களே எழுதியிருக்கீங்க. அத மேல போட்டிருக்கலாமே’ என்று மட்டும் கேட்டிருந்தார். தேடல் முடிவுப் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே வருகிற இரண்டு வரியை வைத்தே பேச்சு நடந்திருக்கிறது. என் பக்கத்துக்குள் யாரும் வரவேயில்லை. அந்த இரண்டு வரியை அங்கே வரவழைக்கத்தான் நான் அத்தனை பாடுபட்டேன்.

இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் கூகுள், உள்நுழைந்து தேடுகிறவர்களின் தேடற்சொற்களைத் தளங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. 2013-க்குள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றது. தேடுகிறவருடைய அந்தரங்கத்துக்கு அது நல்லது, மறுக்கவில்லை. சர்ச் கன்சோலில் தொகுத்த பட்டியல் கிடைக்கும். அரிதான சொற்களை அதிலும் காட்டமாட்டார்கள். ‘திண்டிவனம் குழி’ என்று ஒரே ஒருவர் தேடியிருந்தால் எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. எத்தனை பேர் என்பது துல்லியமாகத் தெரியும், எந்த ஊர்க்காரர் என்ன கஷ்டத்தில் கேட்கிறார் என்பது தெரியாது. அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நான் குளிர்ந்துபோயிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே கட்டுரையை மாற்றினேன். முதல் வரி: குழிக்கு ஒரே அளவு கிடையாது, உங்கள் ஊரில் எத்தனை அடிக் கோல் என்று முதலில் கேளுங்கள். அதற்குக் கீழே 144-ம் 576-ம் பக்கம் பக்கமாக ஒரு அட்டவணை. பத்திரத்தை நம்பிப் பெருக்காதீர்கள், புல எண்ணை வைத்துச் சர்வேயரிடம் போங்கள் என்று ஒரு வரி. ‘ஒரு குழி எத்தனை’ என்ற கேள்விக்கு ‘தெரியாது, ஊரைச் சொல்லு’ என்று பதில் சொல்கிற பக்கத்தைக் கூகுள் அவ்வளவாக விரும்பவில்லை போல. சில மாதத்தில் ஐந்தாவது ஆறாவது இடத்துக்கு இறங்கியது.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். 2017 ஆகஸ்டில் கூகுளில் தமிழில் பேசியே தேடுகிற வசதி வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஜியோ வந்து ஊரெல்லாம் டேட்டா மலிந்திருந்தது. 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்தது. தமிழில் எழுதினால் விளம்பரக் காசு என்றானதும் தளங்கள் மளமளவென்று முளைத்தன. நல்லவையும் உண்டு. ஆனால் ஒருநாள் ‘ஒரு குழி எத்தனை சதுர அடி’ என்று நானே தேடிப் பார்த்தபோது முதலில் நின்றது ஏதோ ஒரு தளம். உள்ளே போனால் என் பழைய முதல் பத்தி. வார்த்தைக்கு வார்த்தை. ‘நிலவளவை’ என்பதில் நான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட. எட்டாவது பத்தியை மட்டும் எடுக்கவில்லை. அதிலிருந்து இன்னும் மூன்று தளங்கள் எடுத்திருந்தன, பிழையும் கூடவே போயிருந்தது.

இரண்டு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் கட்டுரைக்கடியில் ‘ஊருக்கு ஊர் மாறுபடலாம்’ என்று ஒரு வரி சேர்த்தார், சின்ன எழுத்தில்.

தலைப்பைத் திரும்ப ‘கோலும் குழியும்’ என்று மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. மாற்றினால் தேடுகிறவர் கண்ணில் 144 மட்டும்தான் படும். ஆகவே இப்போது வேறு வேலை செய்துகொண்டிருக்கிறேன்: ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தனிப் பக்கம், அந்தப் பக்கத்துக்கோல் எத்தனை அடி, காணியா மாவா, எந்த ஊர்ப் பெரியவர் சொன்னது, பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தோமா என்று. திண்டிவனம் பக்கத்தை எழுத உதவினவர் அதே பெங்களூர்த் தம்பி. பெரியப்பாவிடம்தான் கேட்டு எழுதினாராம். அந்தப் பக்கத்துக்கு மாதம் ஆறேழு பேர் வருகிறார்கள்.

போன வாரம் சர்ச் கன்சோல் பட்டியலில் புதிதாக ஒன்று தெரிந்தது: ‘குழி 144 ஆ 576 ஆ’. பதினொரு முறை காட்டப்பட்டு, நாலு கிளிக்.

உங்க ஊரில் குழிக்கு எத்தனை அடிக் கோல் என்று தெரிந்தால் எழுதுங்கள். வட்டம், ஊர்ப் பெயரோடு. பழைய பத்திரம் கையில் இருந்தால் ஆள் பெயர்களை மறைத்துவிட்டு அளவு இருக்கிற வரியை மட்டும் படமெடுத்து அனுப்பினாலும் போதும். திருவண்ணாமலைப் பக்கம் இன்னும் எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை.